ஓர் அங்குல மனிதன்

பெரியதைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்ப்பது மனிதனின் பழைய ஆசைகளுள் ஒன்று. நம் வீட்டுச் சிறுமியர் செப்புச் சாமான் வைத்துச் சோறு சமைத்தனர். மரப்பாச்சிக்குச் சேலை உடுத்தினர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண் குழந்தையின் விளையாட்டுக்கெனச் சிறுதேர்ப் பருவம் ஒன்றையே வகுத்தனர். கிறிஸ்தவ இல்லங்களில் டிசம்பர் பிறந்ததும் பெத்லகேம் ஊர் முழுவதும் ஒரு மேசையின்மேல் வந்து அமர்ந்துவிடுகிறது. சிறியது நம்மை அச்சுறுத்துவதில்லை. அதைச் சுற்றி வந்து பார்க்கலாம், தொடலாம், உடைந்தால் ஒட்டலாம். பெரிய உலகில் நமக்குக் கிட்டாத ஆளுமை சிறிய உலகில் கிட்டிவிடுகிறது.

அண்மைக் காலத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இப்பழைய ஆசை ஒரு புதிய வடிவம் கொண்டிருப்பதைக் காண்கிறோம். படித்து முடித்து வேலைக்குச் செல்லும் இளைஞர் சிலர், உலகப்போரில் பறந்த போர் விமானங்களின் மாதிரிகளைத் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி, இரவு நெடுநேரம் விழித்திருந்து ஒட்டி, வண்ணம் தீட்டி, கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைக்கின்றனர். 'மாடல் கிட்' என்பது அப்பெட்டிக்கு அவர்கள் வழங்கும் பெயர். சிலருக்கு இவ்விருப்பம் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்யக் கற்றபோது தோன்றியது. சிலருக்குப் போர்த் திரைப்படங்களால் வந்தது.

அவர்களுள் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். கொல்வதற்கென்றே உருவான ஒரு கருவியை இத்துணை அன்போடு செய்து பார்த்து மகிழ்வது ஒரு கிறிஸ்தவனுக்குத் தகுமா என்பதே அக்கேள்வி. அவர் அதைக் கேட்க நேர்ந்த சூழலைப் பின்னர்க் கூறுவோம். சிறு பொழுதுபோக்கைப் பற்றிய சிறு ஐயம் என்று அதை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அதனுள் நம் அனைவரையும் தொடும் வினா ஒன்று மறைந்திருக்கிறது.

கைகள் கற்கும் பாடம்

முதலில் அவர்கள் செய்வது இன்னதென்று அறிந்துகொள்வோம். பெட்டியைத் திறந்தால் விமானத்தின் உறுப்புகள் பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய் தொங்குவதுபோல், ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கூரிய கத்தியால் நறுக்கி எடுத்து, நறுக்கிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். பின்பு விமானியின் அறையை முதலில் முடிக்க வேண்டும். இருக்கை, பிடிகோல், கடுகளவான அளவுமானிகள் ஆகிய அனைத்திற்கும் நுண்ணிய தூரிகையால் வண்ணம் இட்ட பிறகே உடற்பகுதியின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டலாம். ஒட்டியபின் உள்ளே கை போகாது. அங்கே தீட்டிய வண்ணத்தில் பெரும்பகுதி பிறர் கண்ணுக்குப் படுவதுமில்லை. ஆயினும் அவர்கள் அதை அரைகுறையாக விடுவதில்லை. இறுதியில், நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களால் நாட்டின் சின்னமும் படைப்பிரிவின் எழுத்துகளும் பொறிக்கப்படுகின்றன. ஒரு விமானம் முடிய முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும் என்கின்றனர்.

யாரும் காணாத இடத்தையும் செம்மையாகச் செய்யப் பழகுவது ஒரு நல்லொழுக்கப் பயிற்சியே. பொறுமையும் கவனமும் உண்மைக்கு மதிப்பளிக்கும் மனமும் இவ்வேலையில் வளர்கின்றன. குறித்த ஆண்டில், குறித்த படைப்பிரிவில், அவ்விமானத்தின் அடிப்பக்கம் எந்நிறத்தில் இருந்தது என்பதை அறிய அவர்கள் பழைய நிழற்படங்களைத் தேடி அலைகின்றனர். பொழுதைப் போதையிலும் வீண்வம்பிலும் கழிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கவலையோடு வரும் பெற்றோர் பலரைச் சந்திக்கும் நமக்கு, உப்புத்தாளும் தூரிகையுமாய் அமர்ந்திருக்கும் இளைஞர் ஆறுதலாகவே தோன்றுகின்றனர்.

வாள் செய்தவன் குற்றவாளியா?

புனித தோமா அக்குவினார் விளையாட்டை இழிவாகக் கருதியவர் அல்லர். உடல் களைத்தால் ஓய்வு தேடுவதுபோல் உள்ளமும் களைக்கும் என்றும், அதற்கு விளையாட்டே ஓய்வு என்றும், அளவோடு விளையாடுவது ஒரு நற்பண்பைச் சேர்ந்தது என்றும் அவர் கற்பித்தார். நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்னும் நெருக்கமான கருத்து ஒன்றையும் அவர் கூறியிருக்கிறார். பெண்கள் அணியும் அணிகலன்களைப் பற்றி ஆராயும் இடத்தில், அவற்றைச் செய்பவர்க்குப் பாவம் உண்டா என்னும் ஐயம் எழுகிறது. தீமைக்கு மட்டுமே பயன்படும் பொருளைச் செய்பவர் குற்றத்தில் பங்கு கொள்கின்றனர். வாள், அம்பு முதலியவை நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடியவை ஆதலின் அவற்றைச் செய்யும் தொழில் பாவம் ஆகாது என்பது அவர் தரும் விடை. வாளைச் செய்வதே பாவம் ஆகாதெனில் வாளின் பொம்மையைச் செய்வது எப்படிப் பாவம் ஆகும்?

நம் மண்ணின் வழக்கமும் இதற்கு இசைந்ததே. திண்டிவனத்திலிருந்து மேற்கே சென்றால் செஞ்சிக் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்ட கோட்டை அது. போருக்கென எழுந்த அம்மதில்களை 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. நம் மறைக்கல்விச் சிறுவர்கள் அங்கே சுற்றுலா சென்று, பீரங்கியின்மேல் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். அதை நாம் தடுப்பதில்லை.

ஆகவே இளைஞரின் கேள்விக்கு 'பாவமில்லை' என்று ஒரே சொல்லில் விடை கூறி முடித்திருக்கலாம். ஆனால் அக்குவினாரே நம்மை இன்னோர் அடி எடுத்து வைக்கச் சொல்கிறார். செய்பொருளைச் சரியாகச் செய்யும் அறிவு கலை. செயலைச் சரியாகச் செய்யும் அறிவு விவேகம் என்று அவர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். கலையின் நன்மை பொருளில் இருக்கிறது. விவேகத்தின் நன்மை மனிதனில் இருக்கிறது. மாதிரி விமானம் பழுதின்றி அமைந்தது என்பதால் அதைச் செய்தவன் உள்ளமும் பழுதின்றி அமைந்தது என்று ஆகிவிடாது. விமானத்திற்கு என்ன நேர்ந்தது என்று கலை கேட்கிறது. அதைச் செய்யும் எனக்கு என்ன நேர்ந்தது என்று விவேகம் கேட்க வேண்டும்.

பெட்டியில் இல்லாதவர்கள்

இம்மாதிரிகளுள் மிகவும் பரவியுள்ள அளவு எழுபத்திரண்டில் ஒன்று. ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்பது அதன் கணக்கு. ஆறடி என்பது உயரமான ஒரு மனிதனின் அளவு. ஆகவே இந்த அளவில் மனிதன் ஓர் அங்குலம் ஆகிறான். இறக்கையின் அகலம் 36 அடி 10 அங்குலம் கொண்ட ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் விமானம் ஆறு அங்குலத்திற்குச் சற்று மிகுந்து உள்ளங்கையில் வந்து நிற்கிறது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்ட முதல் விமான மாதிரி இந்த ஸ்பிட்ஃபயரே. அந்நிறுவனத்தை 1939இல் தொடங்கியவர் நிக்கலஸ் கோவ் என்பவர். ஹங்கேரியிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய யூதர்.

இவ்வளவுக்கு விளையாட்டல்லாத ஒரு வரலாறும் உண்டு. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் விமான மாதிரிகளை மரத்தில் செதுக்கித் தருமாறு கேட்டது. அளவு எழுபத்திரண்டில் ஒன்று. அம்மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால் உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பார்ப்பதற்கு ஒப்பாகும். வானில் வருவது தன்னவன் விமானமா, பகைவன் விமானமா என்று பீரங்கி வீரன் நொடியில் அறியப் பழகுவதற்காக அவை பயன்பட்டன. பள்ளிக்கூடத்துத் தொழிற்கூடங்களில் சிறுவர் செதுக்கிய மரத்துண்டுகளால் சில உயிர்கள் காக்கப்பட்டன. சில உயிர்கள் பறிக்கப்பட்டன. விளையாட்டுக்கும் போருக்கும் இடையே உள்ள சுவர் நாம் எண்ணுவதுபோல் தடித்ததன்று.

இனிப் பெட்டியில் உள்ள படத்தாளைப் பார்ப்போம். போர்க்காலத்தில் ஒரு விமானி பகை விமானம் ஒன்றை வீழ்த்தினால், தன் விமானத்தின் பக்கவாட்டில், தன் அறைக்குக் கீழே, ஓர் அடையாளம் வரைந்துகொள்வது வழக்கம். ஜெர்மானிய விமானத்தை வீழ்த்தியதற்கு அந்நாட்டுப் படையின் சிறு சிலுவைக் குறியோ சுவஸ்திகாவோ; ஜப்பானிய விமானத்துக்கு உதயசூரியக் கொடி. இவ்வடையாளங்களும் மாதிரிப் பெட்டியில் படங்களாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வரிசை கோணாமல் ஒட்ட வேண்டும். ஐந்து சிலுவைகள் ஒட்டினால் ஐந்து விமானங்கள். அவற்றின் விமானிகளுள் சிலர் குதித்துப் பிழைத்திருப்பர். பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். வென்ற விமானியின் பெயரைப் பெட்டியின் செய்முறைத்தாள் கூறுகிறது. வீழ்ந்தவர்களுக்குப் பெயர் இல்லை. மீட்பின் அடையாளமாக நாம் வணங்கும் வடிவம் அங்கே எண்ணிக்கையின் அடையாளமாகிவிடுகிறது.

மற்றொரு செய்தியும் சிந்திக்கத் தக்கது. நாத்சிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனியின் சட்டம் தடை செய்கிறது. ஆதலால் அந்நாட்டு நிறுவனத்தின் பெட்டிகளில் சுவஸ்திகா விடுபட்டிருக்கும். அச்சின்னத்தால் காயமுற்ற மக்களின் நினைவை மதிக்கும் சட்டம் அது, தேவையானதே. ஆனால் அதே பெட்டியில் துப்பாக்கிக் குழல்கள் ஒன்றும் குறையாமல் இருக்கின்றன. சின்னத்தைக் கண்டு கூசும் நம் கண் கருவியைக் கண்டு கூசுவதில்லை.

நம் முன்னோரும் போரைச் சிறு வடிவில் செதுக்கினர். செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைப் பார்த்தவர்கள் அறிவர். ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரனின் உருவம் அக்கல்லில் பெரிதாக நிற்கிறது. அவன் ஏந்திய வில்லும் வாளும் அவன் கைக்கு அடங்கியவையாக இருக்கின்றன. அவன் பெயரும், அவன் எப்பூசலில் பட்டான் என்பதும் கல்வெட்டில் உள்ளன. அங்கே கருவி மனிதனுக்குத் துணை. பிளாஸ்டிக் பெட்டியிலோ கருவியே அனைத்தும். மனிதன் அதற்கு ஓர் உதிரி உறுப்பு. சில பெட்டிகளில் அந்த ஓர் அங்குல விமானியும் இருப்பதில்லை.

நம் வானத்தில்

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என்று தோன்றலாம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைத்த விமான ஓடுதளத்தின் எச்சம் இன்றும் உண்டு. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும் வரை அவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் வயல்களுக்கு நடுவே அத்தகைய தளம் எழ வேண்டிய தேவை ஏன் வந்தது?

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள். அன்று உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. காலையில் ஜப்பானியரின் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பு நகரைத் தாக்கின. குண்டு வீசும் விமானங்களுக்குக் காவலாக வந்தவை ஜீரோ என்னும் போர் விமானங்கள். அவற்றை எதிர்க்க எழுந்தவை ஆங்கிலேயரின் ஹரிகேன்கள். இன்று நம் இளைஞர்களின் அலமாரியில் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. அன்று வானில் நடந்ததைப் பற்றி நூல்கள் பல உண்டு. தரையிலோ, கொழும்பை அடுத்த அங்கொடை மனநல மருத்துவமனையின்மீதும் குண்டுகள் விழுந்து நோயாளிகள் மாண்டனர். போர் என்றால் என்ன, நாடு என்றால் என்ன என்று அறிய இயலாத மக்கள் அவர்கள். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னை நகரத்து மக்கள் அம்மாதத்தில் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இரயில் பாதையில்தான் திண்டிவனமும் விழுப்புரமும் உள்ளன.

இன்னும் அண்மையில் ஒரு நாள். 1995ஆம் ஆண்டு ஜூலை 9. யாழ்ப்பாணத்தை அடுத்த நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருள் ஒரு பகுதியினர் நம் மாவட்டத்தில், மரக்காணத்திற்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், கீழ்புத்துப்பட்டு முகாமில் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர்.

முன்பு கூறுவதாகச் சொன்ன செய்தி இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இளைஞர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பெரிய குடில் ஒன்றை அமைத்தனர். இக்காலக் குடில்களில் ஓடும் இரயிலும் சுழலும் காற்றாலையும் இடம்பெறுவதை வாசகர் அறிவர். அவ்விளைஞர் தாம் செய்த விமானம் ஒன்றை மெல்லிய நரம்பில் கட்டி, விண்மீனுக்கு அருகில் தொங்கவிட்டார். சிறுவர் கூட்டம் அதையே சூழ்ந்து நின்றது. விழாத் திருப்பலி முடிந்து குடிலை வணங்க வந்தவர்களுள் முகாமைச் சேர்ந்த ஒரு மூதாட்டியும் இருந்தார். உறவினர் வீட்டுக்கு விழாவுக்காக வந்தவர். முழந்தாளிடக் குனிந்தவர் மேலே தொங்கியதைக் கண்டார். எழுந்து, அது தலைக்கு மேல் வராத மறுபக்கமாகச் சென்று முழந்தாளிட்டார். யாரிடமும் ஒரு சொல்லும் கூறவில்லை. விமானத்தைச் செய்தவர் அதைக் கவனித்தார். அவர் யார் என்று நம்மிடம் விசாரித்தார். மறுநாள் குடிலில் விமானம் இல்லை. அதன்பின் வந்ததே அவருடைய கேள்வி.

குடிலையும் அவ்விமானத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்தபோது நமக்கு ஒன்று புலப்பட்டது. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு கிரேச்சியோ ஊரில் தொடங்கிய வழக்கத்தின் தொடர்ச்சியே நம் குடில். அதில் அளவு ஒருபோதும் சரியாக இருப்பதில்லை. இடையன் வீட்டைவிட உயரமாக நிற்பான். பாலன் இயேசுவின் சுரூபம் ஆட்டைவிடப் பெரிதாக இருக்கும். அதைப் பற்றி யாரும் குறை கூறுவதில்லை. அன்பு கொண்ட கண் ஆளைப் பெரிதாகவும் பொருளைச் சிறிதாகவும் காண்பது இயல்பு. விமான மாதிரியில் அளவு நூலிழையும் பிசகுவதில்லை. ஆனால் அந்தச் சரியான அளவில் அம்மூதாட்டிக்கு இடம் இல்லை.

துயரம் என்னும் கடமை

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1940ஆம் ஆண்டில் ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் வானில் எழாமல் இருந்திருந்தால் இங்கிலாந்தின் கதி என்ன? இட்லரை யார் தடுத்திருப்பார்? 1971 டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர் விமானதளம் தாக்கப்பட்டபோது, நாட் என்னும் சிறிய விமானத்தில் எழுந்து போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் பரம்வீர் சக்கரம் பெற்றார். இந்திய விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய விமானத்தைச் செய்து வைப்பது நன்றியின் செயல் ஆகாதா?

ஆகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றி 1965இல் வெளியிட்ட ஏட்டில், பிற வழிகள் எல்லாம் அடைபட்டபின் தற்காத்துக்கொள்ளும் உரிமை அரசுகளுக்கு உண்டு என்று ஏற்றது. நாட்டைக் காக்கும் பணியைச் செம்மையாகச் செய்யும் வீரர் அமைதிக்கும் பணிபுரிகின்றனர் என்றது. அதே ஏடு, நகரங்களை அவற்றின் மக்களோடு சேர்த்து வேறுபாடின்றி அழிப்பதை இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதே கத்தோலிக்க மனம்.

ஆனால் நியாயமான போரும் போரே. புனித அகுஸ்தினார் தம் 'கடவுளின் நகரம்' என்னும் நூலில் இதைப் பற்றிக் கூறும் கருத்து நம் நெஞ்சில் தைப்பது. நீதியின் பொருட்டுப் போரிட நேர்ந்தாலும் ஞானமுள்ளவன் அந்தத் தேவைக்காக வருந்துவான். துயரமின்றிப் போரை எண்ணிப் பார்க்கக் கூடியவன் இன்னும் இரங்கத் தக்கவன், ஏனெனில் அவன் மனித உணர்வையே இழந்துவிட்டான் என்பது அவர் கருத்தின் சாரம். போரில் வெல்வது மட்டுமன்று, போருக்காக வருந்துவதும் கடமை என்கிறார். தமிழ் மரபும் இதை அறியும். போரைப் பாடிய புறத்திணையில் மாண்டவர்க்காகப் புலம்பும் கையறுநிலைக்கு ஒரு துறை வகுக்கப்பட்டிருக்கிறது. வெற்றியைப் பாடிய நாவே இழப்பையும் பாடியது.

இப்போது இளைஞரின் கேள்விக்கு நாம் எங்கே நின்று விடை கூறுவது என்பது தெளிவாகிறது. மாதிரி செய்யும் கையில் குற்றமில்லை. துயரத்திற்கு இடம் வைக்காத கண்ணே ஆபத்து. ரிவிட் ஆணிகளின் எண்ணிக்கையைத் தவறின்றி அறிந்த கண், அந்த விமானத்தின் நிழல் விழுந்த தரையில் இருந்தவர்களை ஒருமுறையும் தேடாமல் இருக்குமானால், அங்கே கலை வளர்ந்திருக்கிறது, மனிதன் வளரவில்லை.

ஷிசுவோக்கா நகரின் பாடம்

துயரத்தோடும் மாதிரி செய்ய இயலுமா? ஜப்பானில் ஷிசுவோக்கா என்று ஒரு நகரம் உண்டு. மாதிரிப் பெட்டிகளின் தலைநகர் என்றே அதைக் கூறலாம். 1946இல் மர வணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனத்தின் ஊர் அது. வேறு பல நிறுவனங்களும் அந்நகரிலும் அதைச் சுற்றியுமே இயங்குகின்றன. நம் இளைஞர்கள் வாங்கும் பெட்டிகளுள் பல அங்கிருந்து வருபவை.

அதே நகரை 1945ஆம் ஆண்டு ஜூன் 19 நள்ளிரவை ஒட்டி அமெரிக்கரின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் எரித்தன. ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர். அத்தாக்குதலின்போது இரு அமெரிக்க விமானங்கள் வானில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. அவற்றில் இருந்த 23 பேரும் இறந்தனர். இத்தோ ஃபுக்குமாட்சு என்னும் உள்ளூர்க்காரர் அந்த 23 பேரின் உடல்களையும் தம் ஊர் மக்களுக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்தார். தம் ஊரை எரித்தவர்களுக்கு, எரிந்த ஊரின் புகை அடங்குமுன் செய்த செயல் அது. பின்னாளில் ஷிசுஹாத்தா குன்றில் இறந்த நகர மக்களுக்கும் இறந்த விமானிகளுக்கும் நினைவுக்கற்கள் எழ அவர் காரணமானார். சிதைந்த விமானத்திலிருந்து கிடைத்த, நெருப்பில் கருகிய தண்ணீர்க் குடுவை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஜப்பானியரும் அமெரிக்கரும் அக்குன்றில் கூடி, அக்குடுவையிலிருந்து மதுவை ஊற்றி, இரு தரப்பாரையும் நினைவுகூர்கின்றனர்.

அவ்வூரார் மாதிரி விமானம் செய்வதை நிறுத்திவிடவில்லை. உலகுக்கே செய்து தருகின்றனர். ஆனால் அவ்வூரில் ஒரு குன்றும் இருக்கிறது. தொழிற்சாலைக்கு அருகில் குன்று இருக்கும் வரை, விளையாட்டும் நினைவும் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும் என நம்புகிறோம்.

நமக்கும் உரிய கேள்வி

வாசகருள் பெரும்பாலோர் மாதிரி விமானம் செய்பவர் அல்லர். ஆயினும் போரைச் சிறிதாக்கிப் பார்க்காதவர் நம்முள் யார்? 2022 முதல் உக்ரைனிலும் 2023 முதல் காசாவிலும் நடந்தவற்றை நாம் கைப்பேசித் திரையில் கண்டோம். வானிலிருந்து எடுத்த படம், நடுவில் ஒரு குறி, ஒரு புகைப்பூ, அவ்வளவே. அந்தத் திரையில் மனிதன் ஓர் அங்குலம்கூட இல்லை; ஒரு புள்ளி. விரலால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறோம். மாதிரி செய்பவர் ஒரு விமானத்தோடு நாற்பது மணி நேரம் அமர்ந்திருக்கிறார். அந்நேரத்தில் அவர் உள்ளத்தில் ஏதேனும் ஒரு கேள்வி எழ வாய்ப்புண்டு. நமக்கோ நான்கு நொடி. இளைஞரின் கேள்வி நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

வாளைக் கொழுவாக அடிக்கும் காலத்தைப் பற்றி எசாயா இறைவாக்கினர் கண்ட கனவு இன்னும் நிறைவேறவில்லை. அதுவரை வாள் இருக்கும். வாளின் பொம்மையும் இருக்கும். ஆதலின் நாம் கூற விரும்புவன எளியவை.

மாதிரி செய்யும் இளைஞர்களே, செய்யுங்கள், செம்மையாகச் செய்யுங்கள். வண்ணத்தைத் தேடுவதுபோல் வரலாற்றையும் தேடுங்கள். அவ்விமானம் எங்கே பறந்தது, அதனடியில் எந்த ஊர் இருந்தது என்று அறிந்த பின்னரே பெட்டியை மூடுங்கள். அந்தச் சிறு சிலுவைகளை ஒட்டும்போது விரைய வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் இருந்தாள்.

பெற்றோரே, பிள்ளை போர் விமானத்தைக் கையில் பிடித்து 'உர்' என்று ஒலியெழுப்பி ஓடினால் அஞ்ச வேண்டாம்; அதட்டவும் வேண்டாம். சிறுவனின் விளையாட்டில் பெரியவரின் குற்றத்தைச் சுமத்துவது நீதியன்று. அவன் வளர்ந்து கேள்வி கேட்கும் வயதில், மேலிருந்து சொல்லப்படும் கதையோடு கீழிருந்து சொல்லப்படும் கதையையும் சொல்லுங்கள். கீழ்புத்துப்பட்டு நமக்குத் தொலைவில் இல்லை. அங்கே அக்கதையைக் கூறக்கூடிய தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கின்றனர், கேட்பவர்தாம் குறைவு.

பங்குச் சமூகமாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நவம்பர் மாதத்தில் இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம். நம் குடும்பத்தாரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பீடத்தின் அருகே வைக்கிறோம். அத்தாளில் ஒரு வரியைப் போரில் மாண்டவர்க்கென ஒதுக்குவோம்: விமானத்தில் இருந்தவர்க்கும், விமானத்தின் கீழ் இருந்தவர்க்கும். பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ஒவ்வொருவரையும் முழு உயரத்தில் அறிந்த ஒருவரிடமே அத்தாள் செல்கிறது.